காய்ச்சாத கழுநீர்

ஞானஜோதியைப் பற்றிப் பேச எனக்கு அருகதை கிடையாது. ஆனால் அந்த ஏலத்தோட்டத்தில் அவரைப் பற்றி உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அந்த நாளில் நீ, வா என்றுதான் பேசுவேன். இப்போது 'அவர்' என்றுதான் வாயில் வருகிறது. காலம் போன பிறகு கொடுக்கிற மரியாதை.

உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். மரம் முறிந்து விழுந்ததில் ஞானஜோதிக்கு ஒரு கால் வளைந்துபோய், காட்டு வேலை நின்றுவிட்டது. ஓடைக்கரையில் குடிசை போட்டு, ஒரே ஒரு கடாப் பன்றியை வளர்த்தார். அதற்கு மைனர் என்று பெயர். அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் போவார். சுற்றுவட்டாரத்துப் பெட்டைகளுக்கெல்லாம் அதுதான் மாப்பிள்ளை. ஈற்றுக்கு ஒரு குட்டி அவருக்குக் கொடுப்போம். அவர் பிழைப்பு அதுதான்.

மைனரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். தீனியைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, விரலை விட்டுப் பார்த்துத்தான் வைப்பார். "மைனருக்குச் சோறு வடிச்சாச்சா?" என்று நாங்கள் கேலி செய்வோம். நாங்கள் எதையும் காய்ச்சியது கிடையாது. எல்லா வீட்டுக் கழுநீரும் பானையில் சேரும். பன்றி வைத்திருந்த நாலு வீட்டாரும் அதை எடுத்துப்போய் அப்படியே தொட்டியில் கொட்டுவோம்.

கேரளம் தனி மாநிலமான மறுவருஷம். தபசு நோன்புக் காலத்தின் நடுவில், ஈஸ்டருக்கு அறுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் மலைக்குக் கீழே சந்தையில் ஒரு பன்றி வாங்கிவந்தார். வந்த பத்தாம் நாள் அது தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணில் பீளை. காதிலும் அடிவயிற்றிலும் சிவப்புத் திட்டுகள். பின்னங்கால் தள்ளாடியது. செத்தால் குழியில்தானே போட வேண்டும்? எனக்கு மனசு வரவில்லை. எல்லாரும் காட்டுக்குப் போன நேரம் பார்த்து நானும் வீட்டுக்காரருமாக அறுத்துவிட்டோம். தபசில் கறி தின்னக் கூடாது. அதனால் உப்பும் மஞ்சளும் தடவி, உப்புக்கண்டமாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன்.

பன்றி அறுத்த வீட்டார் ஈஸ்டர் அன்று லயம் முழுவதற்கும் பங்கு அனுப்புவது எங்கள் வழக்கம். நானும் இலையில் மடித்து மற்றப் பதினொரு வீட்டுக்கும் கொடுத்தேன். தபசு முழுக்க மைனரோடு மேல் தோட்டத்தில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்த ஞானஜோதிக்கும் கொடுத்தேன். "நல்ல கறிய்யா, கொழுப்பப் பாரு" என்று சொல்லிக் கொடுத்தேன். என் வாயை என்ன செய்ய!

மறுநாள் அவர் மைனரை அடுத்த வீட்டு மாரித்தாயின் பெட்டையிடம் கொண்டுவந்தார். இரண்டு வாரத்தில் அந்தப் பெட்டை செத்தது. அப்புறம் அதன் பால் மறந்த ஐந்து குட்டிகள். மற்ற வீடுகளிலும் தொழுவம் காலியாயிற்று. "நீ குடுத்துவச்சவட்டி சிசிலி, முன்னாலயே அறுத்துட்ட" என்று மாரித்தாய் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

லயத்தில் உயிரோடு நின்ற ஒரே பன்றி மைனர்தான். பழி விழ அது போதாதா? "எல்லாத் தொழுவத்துக்கும் போனது அது. எல்லாம் செத்துச்சு, அது மட்டும் கல்லு மாதிரி நிக்கி" என்றாள் மாரித்தாய். லயமே அதைத்தான் சொன்னது.

மிருக டாக்டர் வந்தார். மலையாளி. செத்துக் கிடந்த குட்டிகளின் காதையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, இது காற்றில் வந்தது அல்ல என்றார். "தீனம் பிடிச்ச பன்னியை யாரானும் அறுத்தோ? அந்த இறைச்சி கழுவின வெள்ளம் போதும், மத்த பன்னிக்குத் தீனம் பரவ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்புக்கண்டத்தை யாரும் அப்படியே சமைப்பதில்லை. ஊறவைத்து, உப்புத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சமைப்பார்கள். வடித்த தண்ணீர் கழுநீர்ப் பானைக்குத்தான் போகும். பன்னிரண்டு வீட்டிலும் அன்றைக்கு அதுதான் நடந்தது.

டாக்டர் மைனரைச் சுற்றிவந்து பார்த்தார். "இதினு ஒண்ணுமில்ல. ஆனா நோயை உள்ளே சுமந்து நடக்கலாம். இது இங்கே வரும் முன்பே தீனம் இருந்ததுன்னு ஒருத்தர் சொன்னா, தனியே கெட்டிவச்சுப் பார்க்கலாம். இல்லேங்கில் கொல்லணும்."

ஞானஜோதி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "நான் தபசு முழுக்க இந்தப் பக்கம் வரல சார். சிசிலியக்காவுக்குத் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நோய்ப் பன்றியை ஈஸ்டர் விருந்தாகப் பங்கு வைத்தவள் என்று தெரிந்தால் அந்த லயத்தில் யார் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்? மாரித்தாய் என் முகத்தில் முழிப்பாளா?

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.

மைனரை ஓடைக்கரையில் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். குழி வெட்ட ஞானஜோதியும் மண்வெட்டி பிடித்தார். அப்புறம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்குப் போனார். "மலைக்கே நோய் கொண்டுவந்தவன்" என்று பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் 'பொய் சொன்னேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன். அவ்வளவு கேவலமானவள் நான்.

அடுத்த தபசில் மறுபடியும் ஒரு குட்டி வாங்கினோம். ஸ்டோருக்குப் போகிற வழியில் ஞானஜோதி என் தொழுவத்தருகே நின்றார்.

"கழுநீரக் காய்ச்சி ஊத்துங்கக்கா. கண்டம் ஊறவச்ச தண்ணிய ஊத்தவே ஊத்தாதீங்க."

"ஒனக்குத் தெரியுமாய்யா?"

"நீங்க தந்த துண்டுல தோல் இருந்துச்சு. செவப்புத் திட்டும் இருந்துச்சு. அப்பம் புரியல. டாக்டர் சொன்ன பெறவு புரிஞ்சது."

"அப்பமே அவர்ட்டச் சொல்லியிருக்கலாமே!"

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை.

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்" என்றார். காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சாகும்வரைக்கும் நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து கழுநீரைக் காய்ச்சாமல் ஊற்றியதும் இல்லை. லயத்தில் யாராவது மைனர் பேச்சை எடுத்தால், நான் அடுப்பை ஊதக் குனிந்துகொள்வேன்.