கூடாதம்மா ஒத்துக்கொண்ட தவறு

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் கூடாதம்மா. முகத்துக்கு நேரே அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறதே! இருபத்திரண்டு வருடம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். முழங்கால் மக்கர் செய்ததும் சுகாதார அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறினார். புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் யோசனை அட்டைகளைப் படித்து, எது ஆபத்து, எது இல்லை என்று தீர்ப்பு சொல்ல வேண்டும்.

மேசையில் நிஜக் குழந்தையின் எடையில் ஒரு ரப்பர் பொம்மை வைத்திருந்தார். ஒவ்வொரு யோசனையையும் அதன்மேல் செய்து பார்ப்பார். காதில் எண்ணெய் விடலாமா? கூடாது. நாக்கில் தேன்? கூடாது. தலையணை? கூடவே கூடாது! தேறிய அட்டையின் அடியில் அவர் பெயர் அச்சாகும்.

எங்களுக்கு மகன் பிறந்த பிறகு, அந்தப் பொம்மைக்குக் கிடைத்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை. தூக்கினால் குற்றம், கிடத்தினால் குற்றம். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் வீட்டுக்காரர் வேறு தலையாட்டுவார். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பொய் சொல்வானேன், அண்ணியின் அட்டைகளைத் தொட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்து, ஒரு வரி விடாமல் செய்துவந்தேன். மெல்லிய துணியில் சுற்றி மல்லாக்கப் படுக்கவைத்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்கும் என்றது ஓர் அட்டை. விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போட்டால் சீக்கிரம் புரளப் பழகும் என்றது இன்னொன்று.

மூன்றரை மாதத்தில் ஒரு மதியம், துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், சுற்றிய துணியோடு பிள்ளை குப்புறக் கவிழ்ந்து கிடக்கிறான். முகம் மெத்தையில். கை இரண்டும் துணிக்குள். தலையைத் தூக்க முடியாமல் முனகினான். ஒரே பாய்ச்சலில் அள்ளி எடுத்தேன். வீல் என்று கத்தினான். பிள்ளை அழுததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே போனை எடுத்தேன்.

"ரெண்டு அட்டையிலயும் உங்க பேருதான் அண்ணி இருக்கு. வந்து பாருங்க!"

வந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றிப் படித்தார். பிள்ளையின் மார்பில் கையை வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

"ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். சேத்து வச்சுப் பாக்கலையே. புரளப் பாத்தாலே சுத்துறதை நிறுத்தணும்னு போடச் சொல்லியிருக்கணும். பொம்மை எங்க புரளுது?" என்றார். "தப்பு என்னோடதும்மா."

சண்டையை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள், உடனே திருத்தம் போட வேண்டும் என்று அதிகாரியிடம் போய் நின்றதை அண்ணியே நடித்துக் காட்டினார்.

"ரெண்டுமே சரியாத்தானே இருக்கு? அடுத்த தடவை அச்சடிக்கிறப்ப பாத்துக்கலாம். இப்ப சொன்னா உங்க பேருதான் கெடும்" என்றாராம் அவர்.

"அதுக்குள்ள எத்தனை பிள்ளைங்க புரளும் சார்? பேர் கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்" என்று அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அலுவலகம் பூட்டும் நேரத்தில் அந்த மனிதர் சரி என்றார்.

அடுத்த வாரம் தடுப்பூசி வரிசையில் நின்றேன். சுவரில் புது அறிவிப்பு: "குழந்தை புரள முயன்றால் அன்றே துணியில் சுற்றுவதை நிறுத்துங்கள். முன்பு தந்த அட்டையில் இதைச் சேர்க்கத் தவறியது நான்." கீழே அண்ணியின் பெயர்.

எனக்கு முன்னால் நின்ற பெண் அதை இரண்டு முறை படித்தாள். கையிலிருந்த குழந்தையின் துணியை மளமளவென்று அவிழ்த்தாள்.

"நேத்துக்கூட இவ ஒருக்களிச்சுப் புரளப் பாத்தா. நான்தான் இன்னும் இறுக்கிச் சுத்திவிட்டேன்" என்றாள். "யாருங்க இவங்க, தன் தப்பைப் பேர் போட்டுச் சொல்றாங்க?"

"எங்க அண்ணி!" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி.