பின்னால் சாய்ந்த கத்தி

கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத வருஷம் அது. வெட்டுக்காரர்கள் குடும்பத்தோடு தேயிலை மலைக்கு ஏறிப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு வழி செய்தார். மாடு இழுக்கத் தாழ்வான ஒரு மரச்சட்டம்; அதன் வலப்பக்கம், தரையை ஒட்டி, கையை நீட்டினாற்போல ஒரு நீளக் கத்தி. மாடு இரண்டு வரிசைக்கு நடுவே நடந்தால், கத்தி பக்கத்து வரிசையை அறுத்துக்கொண்டே வரும் என்றார். கொல்லர் பட்டறையிலிருந்து அந்தக் கத்தி வந்த நாளிலிருந்து, மாட்டின் காலை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமனாருக்கு வேறு பயம். வெட்டிய தூரிலிருந்து மறுபடி கிளம்பும் கட்டைக்கரும்புதான் எங்களுக்கு அடுத்த வருஷத்து வெள்ளாமை. தூர் பிளந்தால் கிளம்பாது.

"ஒரே வரிசைதான். அது துளிர்க்கலீன்னா சட்டத்த ஒடச்சு அடுப்புல வெச்சிருவேன்" என்றார் மகனிடம்.

என் வீட்டுக்காரர் மாட்டைப் பூட்டி ஓட்டினார். கத்தி அறுக்கவில்லை, முட்டித் தள்ளியது. கரும்பு சாய்ந்து, அடியில் நார் நாராகக் கிழிந்தது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான் கரும்பைப் பார்க்கவே இல்லை. மாட்டின் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் ஒரு மண்கட்டியில் ஏறி முன்னால் வழுக்கியது.

"ஏனுங்க, நிறுத்துங்க! மாட்டுக் காலு போயிருமுங்க!"

"கத்தி எங்கியோ பின்னால கெடக்குது புள்ள."

"மாடு பின்னுக்கு வந்துச்சுன்னா?"

"மாடென்ன உன்னயாட்டமா, ஒரு எட்டு முன்ன வெச்சா ரெண்டெட்டுப் பின்ன போறதுக்கு?"

"முனையக் கொஞ்சம் பின்னால திருப்பி வெச்சாத்தான் என்னுங்க?"

என் வாயை மூடத்தான், கத்தியை இறுக்கியிருந்த மர ஆப்பை அவர் கழற்றினார். கத்தியைப் பின்பக்கமாகச் சாய்த்து மறுபடி இறுக்கினார்.

மாடு நகர்ந்தது. சத்தமே மாறிவிட்டது. கரும்பு கத்தியின் நீளத்துக்கு வழுக்கி, சரக் சரக்கென்று அறுந்து விழுந்தது. அவர் மாட்டை நிறுத்தி, குந்தி உட்கார்ந்து ஒரு தூரைக் கட்டைவிரலால் தடவினார். வாழைத்தண்டு நறுக்கினாற்போல இருந்தது.

"மாட்டுக் காலுக்குத்தான சொன்ன?"

"வேற எதுக்குங்க?"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தத் தூர் துளிர்க்க வேண்டுமே. வேர் அசைந்திருக்கலாம், கரையான் ஏறலாம். விடிந்தும் விடியாமல் நான் தினமும் போய்ப் பார்த்தேன்.

ஒரு நாள் எனக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். எதற்கெடுத்தாலும் 'ஒண்ணும் ஆகாது புள்ள' என்கிற மனுஷர், தூரை மூடிக் கிடந்த காய்ந்த சோகையை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கட்டலாம்னு வந்தேன்" என்றார். கையில் மம்முட்டி இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் விரலைப் பிடித்து ஈரமண்ணுக்குள் அழுத்தினார். ஊசி மாதிரி ஒன்று குத்தியது. அடுத்த தூரிலும் குத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முளை வெளியே தெரிந்தபிறகு மாமனார் வந்து, வரிசையின் கடைசிவரை நடந்து பார்த்தார். முதலில் ஓட்டிய தூரெல்லாம் காய்ந்து கிடந்தது. மீதியெல்லாம் பச்சை. வரப்பில் கிடந்த சட்டத்தில் கத்தி சாய்ந்திருப்பதைக் குனிந்து பார்த்தார்.

"கத்தியச் சாய்க்கோணும்னு உனக்கு எப்பிடிடா தோணுச்சு?"

"உங்க மருமவ பயந்துக்கிட்டாளுங்க. அதுக்குத்தான் சாச்சேனுங்க."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசம் கெழக்குக் காட்டுக் கரும்பு பூராத்துக்கும் இவன் இத ஓட்டட்டும். நீயும் கூடப் போயி பயந்துக்கிட்டே நில்லு அம்மிணி."