அப்பாவின் சட்டைப்பைக்கு வந்த ஆறு எண்கள்

எங்கள் வீட்டு ஓனரம்மா பால்காரரிடம் தெலுங்கு பேசுவார், குப்பை வண்டிக்காரரிடம் கன்னடம் பேசுவார், எங்களிடம் தமிழ். மூன்றும் ஒரே மூச்சில் வரும். ஓசூருக்கு வந்த புதிதில் நான் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்களை அப்படிப் பார்த்தது வேறு காரணத்துக்காக. மதிய ஷிப்ட் வாரங்களில், காலை பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் நான்கு பெண்களும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். அங்கேதான் சிக்னல் நிலையாக நிற்கும். பேச்சு கிடையாது. என் மடியில் கைபேசி இருக்கும், மற்ற மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி விநாடிகளில் யாராவது கையெடுத்துக் கும்பிடுவதும் உண்டு.

"ஏம்மா, நானும் பாத்துக்கினே இருக்கறேன். பதினோரு மணியானா வந்து ஒக்காந்துக்கறீங்க. அது எந்த சாமி, உங்க தெக்குப் பக்கத்து சாமியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ரயில் சாமிக்கா," என்றாள் என் அறைத்தோழி மாரிச்செல்வி. சங்கரன்கோவில்காரி, சிரிக்காமல் பொய் சொல்லத் தெரிந்தவள்.

"வரம் குடுக்குமா?"

"நூறு பேரு கேட்டா ஒருத்திக்குக் குடுக்கும்."

ஓனரம்மா நம்பிவிட்டார். மறுநாள் படியைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தார். உட்கார இடமில்லாமல் நாங்கள் நின்றுகொண்டே டிக்கெட் எடுத்தோம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் திறக்கும். எங்கள் கம்பெனியில் அடுத்த வார ஷிப்ட் பட்டியலோ சனிக்கிழமைதான் ஒட்டுவார்கள். இரண்டு மாதம் கழித்து எந்த இரவில் நான் மெஷின் முன்னால் நிற்பேன் என்று எனக்கே தெரியாதபோது எப்படி டிக்கெட் எடுப்பது? அதனால் மைசூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் அந்த ஒரே வண்டியில் எங்களுக்கு மிஞ்சுவது தட்கல்தான். அது முந்தின நாள் பதினொரு மணிக்குத் திறந்து, வெந்நீர் கொதிக்கிற நேரத்துக்குள் தீர்ந்துவிடும். விதிகளைத் தேடித் தேடிப் படிப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்கும். ரயில்வே இணையதளத்தில் ஒரு கணக்கில் மாதத்துக்கு இத்தனை டிக்கெட்தான் எடுக்கலாம். ஆதார் சேர்க்காவிட்டால் பன்னிரண்டு, சேர்த்தால் இருபத்துநான்கு. அப்போதும் பயணிகளில் ஒருவராவது ஆதார் சரிபார்க்கப்பட்டவராக இருக்க வேண்டும். தோழிகளுக்குச் சும்மா எடுத்துக் கொடுக்கலாம், காசு வாங்கினால் குற்றம். தட்கலுக்கு ஆதார் ஓடிபி கட்டாயம் என்று வந்தபோது எல்லோரும் புலம்பினார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். என் ஆதாரில் இருந்தது அப்பாவின் கைபேசி எண்.

பள்ளியில் படிக்கும்போது எடுத்த கார்டு அது. வீட்டில் அப்போது இருந்தது ஒரே கைபேசி, அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். அப்பா கோவில்பட்டியில் எடைமேடையில் வேலை பார்க்கிறார். லாரி ஏறி நின்றதும் எடையை ஒவ்வோர் எண்ணாகச் சொல்வார், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் சீட்டு. டிப்ளமோ முடித்ததும் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. "பொம்பளப் பிள்ளைய கர்நாடகா பார்டருக்கு அனுப்பிட்டு நான் இங்க எவன் மூஞ்சில முழிக்க?" என்றார் அப்பா. ஒரு வியாழக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றும் சொன்னார். நான் புதன்கிழமை ரயிலேறிவிட்டேன். அம்மாதான் பையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்கள் முன்னால் அப்பா என்ன சொல்லி நின்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. பொங்கலுக்குப் போனால் நான் படுத்த பிறகு சாப்பிட வருவார்.

வேலையில் சேர்ந்த மாதம் பிஎப் கணக்குக்காக ஓடிபி கேட்டது. அம்மா வீட்டில், அப்பா எடைமேடையில், கைபேசி அப்பாவிடம். வேறு வழியில்லாமல் அவருக்கே அழைத்தேன். "அப்பா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். பத்து நிமிசந்தான் இருக்கும்," என்றேன். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கழித்து, லாரி இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல்: "நாலு. ஏழு. பூஜ்யம். ரெண்டு. ரெண்டு. ஒம்பது. திருப்பிச் சொல்லு." சொன்னேன். "சரி." அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நான் கேன்டீன் பின்னால் போய் நின்று அழுதேன். பிறகு வங்கிக்கு, சிம் கார்டுக்கு, கடைசியில் தட்கலுக்கு என்று அந்த ஆறு எண்கள் வந்துகொண்டே இருந்தன. மற்றவர்களுக்கு அது தலைவலி. எனக்கு வாரத்தில் இரண்டு முறை அப்பா.

இனிமேல் எழுதப்போவதை மாரிச்செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. சில நாட்களில் நான் வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றி அடிப்பேன். தவறு என்று தளம் சொல்லும், புதிய ஓடிபி போகும், அப்பா மறுபடி படிப்பார். "தப்பா அடிச்சியாக்கும்," என்று ஒருமுறை சொன்னார். மூன்று வருடத்தில் எண் அல்லாமல் அவர் என்னிடம் பேசியது அதுதான். அந்த ஆசையில்தான் இது வழக்கமானது. மாரிச்செல்வியின் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், வண்டி போய்ச் சேரும் நாள் நண்பகலுக்கு. ஆயுதபூஜை விடுமுறைக் கூட்டம் வேறு. அவளுக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்த அன்றைக்கும் நான் கடைசி எண்ணை மாற்றி அடித்தேன். இரண்டாவது ஓடிபி வர நேரமாகிவிட்டது. வந்து அடித்தபோது இருக்கைகள் தீர்ந்திருந்தன.

மறுநாள் கம்பெனியில் ராத்திரிதான் அவளை விட்டார்கள். சேலத்துக்கு நின்றுகொண்டே போய், பஸ் நிலையத்தில் காத்துக்கிடந்து, மதுரை மாறி, அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் உள்ளே போகும்வரை அந்தம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்த மாரிச்செல்வி சண்டை போடவில்லை. துணி மடித்துக்கொண்டே, "ஏ பிள்ள, ஊருக்கெல்லாம் ரூல்ஸ் சொல்லுத. உன் ஆதாரை உன் நம்பருக்கு மாத்திக்கிட ஒரு நாள் லீவு போட முடியலயா உன்னால?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே லீவு போட்டேன்.

தாலுகா அலுவலகத்தை ஒட்டிய ஆதார் மையத்தில் எனக்குப் பின்னால் நின்றவர் தொரப்பள்ளிப் பக்கத்து விவசாயி அம்மா ஒருவர். புடவைத் தலைப்பில் டோக்கனை முடிந்துவைத்திருந்தார். என் முறை வந்தபோது கணினியில் இருந்த பெண், "ஒரு ஆதாருக்கு ஒரு நம்பர்தாம்மா. புதுசு ஏத்துனா பழசு போயிடும். பரவால்லயா?" என்றாள். நான் திரையில் இருந்த பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "யாரு நம்பரு கண்ணு அது?" என்றார்.

"அப்பாவோடது."

அவர் முகம் மாறிவிட்டது. "அய்யோ பாவம். எத்தினி வருசமாச்சு?"

"மூணு," என்றேன். அவர் எதைக் கேட்டார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திருத்தியிருக்கலாம். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "எங்கூட்டுக்காரரு போயி கூட நம்பர எடுக்காமதான் வெச்சிருந்தேன். என்ன பண்றது, எடுத்துத்தான் ஆவணும்," என்றார். உயிரோடு எடைமேடையில் நிற்கிற மனுஷனுக்கு அவர் கண்கலங்க, நான் விரலை ரேகைக் கருவியில் வைத்தேன்.

எண் மாறிய பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. ஓடிபி என் திரைக்கே வந்து விழும், கணநேரத்தில் டிக்கெட். மாரிச்செல்வி மறுபடி என்னோடு சிரிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வாரம் அம்மா அழைத்தாள்.

"ஏ பாப்பா, உனக்கு மேலுக்கு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"உங்கப்பா கேக்கச் சொன்னாரு. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாதன்னும் சொன்னாரு. பதினோரு மணியாச்சுன்னா லாரிய மேடையில ஏத்தாம, போனைக் கையில பிடிச்சிக்கிட்டே நிக்காராம். டிரைவர்மாரு சத்தம் போடுதாங்கன்னு டீக்கடைக்காரரு வந்து சொல்லுதாரு. போன்லதான் கோளாறுன்னு நினைச்சிக்கிட்டு புது சார்ஜர் வேற வாங்கியாந்திருக்காரு."

மறுநாள் நான் எனக்கே எனக்கு ஒரு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் விசேஷம் இல்லாத நாளில் ஊருக்குப் போக நினைத்தது அதுதான் முதல் தடவை. பதினொன்றுக்கு ஓடிபி வந்தது. அதை அடிப்பதற்குப் பதில் அப்பாவுக்கு அழைத்துவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இன்னும் வரல," என்றார். "இரு, வந்ததும் சொல்லுதேன்."

"வராதுப்பா. நம்பரை மாத்திட்டேன். இப்ப எனக்கே வந்துரும்."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. "சரி," என்றார். "உங்கிட்டயே இருக்கதுதான் சவுரியம்." பிறகு லாரிக்காரரைப் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "அப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதாம்ப்பா."

சும்மா பேசுவது எப்படி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஊருக்கு வருகிறேன் என்று சொல்லலாம், ஆனால் டிக்கெட் இன்னும் கையில் இல்லை. பெண் பார்க்க வந்த அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்கலாம், அதற்குத் துணிவில்லை. அவர் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு டிரைவர், "அண்ணாச்சி, எடையச் சொல்லுங்க," என்று கத்தினார். இந்தப் பக்கம் ஓனரம்மா யாரிடமோ தெலுங்கில் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கைபேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். ஓசூர் என்று ஒரு பெயர், கோவில்பட்டி என்று ஒரு பெயர், நடுவில் ஒரு சிறிய அம்புக்குறி. அதற்குக் கீழே, நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்திருந்தது. மேலே ஓரத்தில் அப்பாவுடனான அழைப்பு மட்டும், யாரும் பேசாமலே, விநாடி விநாடியாக ஏறிக்கொண்டிருந்தது.