கழுத்தில் இரண்டு விரல்

தொண்ணூறுகளில் நான் செங்கல்பட்டில் தொண்டை மருத்துவராக இருந்தபோது, மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து மீன் விற்கும் பெண்மணி ஒருவர் வந்தார். வெயிலில் கறுத்த முகம், மணல் ஒட்டிய புடவைக் கரை. பேசுவதற்கு முன்பு இரண்டு விரல்களால் இடப்பக்கக் கழுத்தை அழுத்திக்கொள்வார். அப்படி அழுத்தினால்தான் காற்றோடு கொஞ்சம் குரலும் வரும். கழுத்துக் கட்டியை எங்கோ அறுவை செய்து எடுத்தபோது குரல் நரம்பு அடிபட்டிருந்தது.

அந்த நரம்பு தலையிலிருந்து இறங்கி, தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குப் போய், இதயத்துக்கு மேலே வளைந்து, மறுபடி தொண்டைக்கு ஏறி வருகிறது என்று விளக்கினேன்.

"நெஞ்சாண்ட போய்ட்டா வருது?" என்றவர், விரல்களை இன்னும் அழுத்தினார். "எங்கம்மாவுக்கு இன்னும் கருமாதி கூட ஆவல டாக்டரு. பொணத்தாண்ட ஒப்பாரி வெக்கச் சொன்னாங்க. வாயத் தொறந்தேன், காத்துதான் வந்துச்சு. பெத்தவளுக்கே அழாதவளாம்னு ஊர்ல பேசிக்கினு கீறாங்க. எங்கண்ணி வெளிய கீது. நீயே அதுகிட்ட சொல்லேன்."

அண்ணியை உள்ளே அழைத்தேன். நரம்பு போகும் வழியை என் கழுத்திலேயே விரல் வைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பேசறதுக்கு நரம்பு வேணும், சரி டாக்டரு. பெத்தவளுக்கு அழுவறதுக்குக் கூடவா நரம்பு வேணும்?"

சொல்லிவிட்டு அண்ணி கதவை நோக்கி நடந்தார். மீன்காரம்மா கழுத்திலிருந்து விரல்களை எடுத்துவிட்டார். தோள்கள் குலுங்கின, கன்னமெல்லாம் நனைந்தது. கொஞ்சம் சத்தம் வந்திருந்தால் அண்ணி திரும்பிப் பார்த்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.