டொக்டருக்கு நேரே நீட்டிய கால்

வீட்டுத் தரையில் ரத்தப் புள்ளிகள் கிடந்தன. மீன் வெட்டிய கையைக் கழுவாமல் நடந்திருக்கிறாள் என்று மனைவி மகேஸ்வரியோடு சண்டைக்குப் போனேன். அவளோ புள்ளிகளைப் பின்தொடர்ந்து வந்து என் காலடியில் நின்றாள். வலது பெருவிரலின் அடியில் மட்டிச் சிப்பியின் ஓடொன்று குத்தி ஏறியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

இது வீரமல்ல. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, நெடுங்காலம் இருந்தால் நரம்பு மரத்துப்போகும் (குத்தினாலும் சுட்டாலும் காலிலிருந்து மூளைக்குச் செய்தி வராது). கதிரவெளியில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் நான். ஊருக்கே சத்தம் கொடுத்தவனின் கால், அறுபது வயதில் சத்தமில்லாமல் கிடந்தது.

மட்டக்களப்பு ஆசுபத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். அங்கிருந்த பெண் டொக்டர் என் மகளின் வயதுதான் இருப்பார்.

"ஐயா, இந்தக் கால நிலத்தில ஊண்டக் கூடாது. புண் எலும்புக்குப் போனா விரல எடுக்க வேண்டி வரும்."

ஊன்றாமல் இருக்க வேண்டியவன் வாராவாரம் பஸ் ஏறி எப்படி வருவது? போனிலேயே பார்க்கிறேன் என்றார்.

முதல் வீடியோ அழைப்புக்கு நான் தயாரானதைக் கேளுங்கள். வெள்ளைச் சட்டை, திருநீறு, கொஞ்சம் பவுடர். காலையும் விட்டுவைக்கவில்லை. கழுவி, புதுத் துணியால் அழகாகச் சுற்றி, நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"ஐயா, கால் எப்பிடி?"

"அருமையா இருக்கு டொக்டர்!" என்று திருவிழா அறிவிப்புப் போலக் கத்தினேன்.

"காட்டுங்க பாப்பம்."

அங்கேதான் சிக்கல். பெரியவர்கள் இருக்கும் பக்கம் காலை நீட்டாதே என்று அடித்து வளர்க்கப்பட்டவன் நான். ஒரு டொக்டரின் முகத்துக்கு நேரே உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவதா? துணிக்கட்டை மட்டும் பக்கவாட்டில் ஒருமுறை காட்டிவிட்டுப் போனைத் திரும்ப என் முகத்துக்குக் கொண்டுவந்தேன்.

"ஐயா, உங்கட முகத்துக்கு நான் மருந்து எழுதல்ல."

மகேஸ்வரி போனைப் பறித்தாள். "இவருக்கு வெட்கம் மகள். பொண்ணு பாக்க வந்த நாளிலயும் இப்பிடித்தான், வாய் மட்டும் நீளம்." கட்டை அவிழ்த்து, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, போனை உள்ளங்காலுக்கு நேரே பிடித்தாள்.

டொக்டர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். 

"அம்மா, பெருவிரல்ல இருந்து மேல சிவப்பா ஒரு கோடு போகுதா? புறங்கைய வச்சுப் பாருங்க. சுடுதா?"

"நல்லாச் சுடுது புள்ள."

செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவுவது). அதை மூடித்தான் அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தேன்.

"நாளைக்கு எண்டு வைக்காதீங்க. இப்பவே ஓட்டோ பிடிச்சு வாங்க. நான் ஆசுபத்திரி வாட்டுக்குச் சொல்லி வைக்கிறன்."

போனேன். ரத்த நாளத்தில் ஊசி மருந்து ஏற்றினார்கள். வெட்ட வேண்டி வருமா என்று இரண்டு நாள் விரலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மூன்றாம் நாள் சிவப்புக் கோடு இறங்கத் தொடங்கியது.

வீடு வந்த பிறகு அழைப்புகளில் என் வேஷம் கலைந்தது. கால் ஸ்டூலில், வெளிச்சம் ஜன்னலில், மகேஸ்வரி படப்பிடிப்பு. எனக்குப் பின்னணிக் குரல்கூட இல்லை. "ஐயா, நீங்க கதைக்காம இருந்தா நல்லாத் தெரியுது" என்றார் டொக்டர்.

என்னைப் போல வீட்டில் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். போனில் டொக்டர் வரும்போது புண்ணுக்குச் சட்டை போடாதீர்கள். அவர் நம் முகம் பார்க்க வந்த விருந்தாளி அல்ல.

அந்த நாட்களில் காலம் கண்ணுக்குத் தெரிந்தது. வாரத்துக்கு ஒரு நூலளவு புதுத் தோல், புண்ணின் ஓரத்தில். அதற்கு முன் என் உடம்பு முகத்தில் தொடங்கி வயிற்றோடு முடிந்திருந்தது. இப்போது விடிந்ததும் முதலில் காலைத்தான் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். அது தானாக எதுவும் சொல்லாது. நான்தான் போய் விசாரிக்க வேண்டும்.

வயல்களில் நெல் வேளாண்மை வெட்டு முடிந்த காலத்தில் புண் முழுவதும் மூடியது. "நடங்க ஐயா" என்று திரைக்குள்ளிருந்து டொக்டர் கை தட்டினார். மகேஸ்வரி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் காலுறையும் மூடிய காலணியும் போட்டுக் கடற்கரை வீதியில் நடந்தேன். மீன் பெட்டியோடு சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டுக்காரன் பிரேக் பிடித்தான்.

"என்ன அண்ணன், மாப்பிள மாதிரிச் சப்பாத்தும் மேசும் போட்டு, இவ்வளவு மெதுவா எங்க போறீங்க?"

"பத்து விரலும் கூட வருது தம்பி," என்றேன். "எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறதெண்டா மெதுவாத்தான் போகலாம்."