பூட்டிய அறையிலிருந்து வந்த முகவரி

போன வருடம் தை மாதம், வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். காரைக்குடியில் நெட்வொர்க் வேலை செய்து தரும் கடை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். பெண்ணின் அப்பா மலேசியாவில் இதய ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறும் அந்தத் திருப்பூட்டுவதை அவர் நேரலையில்தான் பார்க்க முடியும். விருந்தாளிகளின் போன்கள் இணையத்தை மொத்தமாக இழுத்துவிடக் கூடாதென்று ஒரு ஃபயர்வால் பெட்டி வைத்து, எந்தக் கருவிக்கு எந்த இணைய முகவரி என்று பிரித்துக் கொடுத்திருந்தேன். முந்தின நாள் எல்லாம் ஜோராக ஓடியது.

கல்யாணத்தன்று காலையில் நேரலைக் கேமராவின் இணைப்பு வருகிறது, போகிறது. செட்டிங்கைத் திறந்து பார்த்தால் எல்லாம் நான் போட்டபடியே இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கொஞ்ச நேரம் வந்தது, திரும்பவும் போனது. பார்த்தால், நான் கொடுக்காத முகவரி ஒன்று கேமராவில் உட்கார்ந்திருக்கிறது. யார் கொடுத்தது?

பெண்ணின் அம்மா வந்து நின்றார். “மலேசியாவுல அவுக விடியக்காலையில இருந்து போனும் கையுமா உக்காந்திருக்காக. வருமா, வராதா? உள்ளதைச் சொல்லிருங்க.”

“பாத்துச் சொல்றேன்” என்று எழுந்தேன்.

வயர்களைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒன்று வீட்டின் இரண்டாம் கட்டில், உள்முற்றத்தை ஒட்டிப் பூட்டியிருந்த அறைக்குள் நுழைந்தது. பங்காளி வீட்டாரின் அறை. அவர்கள் எப்போதோ மாட்டிய வைஃபை பெட்டி உள்ளே இருக்கிறதாம். காலையில் வந்து, அறையின் மெயின் சுவிட்சைப் போட்டு, பூட்டிவிட்டுச் சாவியோடு திருக்கோஷ்டியூர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பெட்டியும் தன் பங்குக்கு எல்லாருக்கும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிக்கொண்ட கேமராதான் வழி தவறி இணைப்பை விட்டுக்கொண்டிருந்தது.

அந்த வயரின் வெளியே இருக்கும் முனையைக் கழற்றினால் வேலை முடிந்தது. கை வைத்தேன். அந்த அம்மா தடுத்துவிட்டார். “பொது வீடு. பங்காளிகளைக் கேக்காமத் தொடக்கூடாது.”

முகூர்த்த நேரத்தில் இதென்ன கூத்து என்று எரிச்சலாக வந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று பக்கத்தில் நின்றவர் காதில் சொன்னதும் இன்னும் குழம்பிப்போனேன். பேசாதவர்களிடம் என்னத்தைக் கேட்பது?

அந்த அம்மாவே போனை எடுத்துப் பங்காளி வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டார். கை நடுங்கியது. “ஆச்சி, நாந்தான் பேசுறேன். உங்க வயரைக் கழட்டிக்கட்டுமா? அப்பத்தான் அவுக மலேசியாவுல இருந்து கல்யாணத்தைப் பாக்க முடியுமாம்.”

“இதுக்கெல்லாமா கேப்பாக? கழட்டுங்க. அவுக முதல்ல பிள்ளையைப் பாக்கட்டும். நாங்களும் வந்துர்றோம்” என்று பதில் வந்தது.

கழற்றினேன். திரையில் அந்த அப்பாவின் முகம் விட்டுவிட்டு வராமல் தெளிவாக நின்றது. மகளைப் பார்த்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த இரண்டு வீட்டுக்கும் என்ன கோபம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் எவ்வளவு அவசரமானாலும், கேட்காமல் அடுத்தவர் வயரில் கை வைக்கப் போகும்போதெல்லாம், போனைப் பிடித்து நடுங்கிய அந்தக் கை நினைவுக்கு வந்து என்னை நிறுத்திவிடுகிறது.