பனிக்கண்டத்தில் விரித்த தார்ப்பாய்

காலை எட்டு மணிக்குக் கொட்டாரத்தில் பஸ் ஏறினேன். அன்டார்க்டிகா வரை போய் வந்தவன் நான். சொந்த மாவட்டத்துக் கருங்கல் ஊரை அன்று வரை பார்த்ததில்லை. இதைச் சொல்லி வீட்டில் சிரித்தார்கள். நாகர்கோவில் போய், வடசேரியில் கருங்கல் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் முப்பது ரூபாய். இரணியல் பக்கம் தாண்டியதும் ரப்பரும் வாழையும் நெருங்கி வந்தன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

நான் தேடிப் போனது செல்வதாஸின் வீட்டை. பனிக்கண்டத்தில் எங்கள் நிலையத்து ஜெனரேட்டர் மெக்கானிக் அவர். கோடைக்காலத்துக்குப் போன நான் திரும்பிவிட்டேன். குளிர்காலத்துக்கும் அவர் அங்கேயே இருக்கிறார். இனிச் சில வாரங்களுக்கு அங்கே சூரியனே கிடையாது. முந்தின வாரம் அவர் மனைவி ஜெபமலர் என்னைப் போனில் கூப்பிட்டார். "சார், அவிய ஒங்க மெஷினக் கெடுத்துப்போட்டாவளாமே, நெசமா? அதுலேருந்து வீட்டுக்குப் பேசினாலும் பேச்சே இல்ல. எனக்குப் பயமா இருக்கு." நேரில் வருகிறேன் என்றேன்.

கருங்கல் சந்தையில் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் கேட்டார். "ஐஸ்ல வேலைக்குப் போன ஆளுக்க வீடுதானே? குளச்சல் ஐஸ் பிளாண்டுலயா நிக்காரு?"

"இன்னும் கொஞ்சம் தெக்க" என்றேன். அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

முற்றத்தில் கொப்பரைத் தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. நான் வாய் திறக்கும் முன் முதல் தூறல் விழுந்தது. "சார், அந்தத் தலப்பப் பிடியுங்க!" என்று கத்தினார் ஜெபமலர். விருந்தாளி மரியாதையெல்லாம் பிறகுதான். இருவருமாகத் தார்ப்பாயை இழுத்து மூடினோம். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அதே ஓட்டம். மேகத்தைக் கண்டால் இந்த ஊரில் கால் தானாக ஓடும். செல்வதாஸின் காலும் அப்படித்தான் ஓடியது.

கட்டன்காப்பி வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

வானம் பனிமீது இறக்கும் சூட்டை அளப்பது அங்கே என் வேலை. கம்பத்தில் ஒரு சிறு குமிழ் மேலே பார்த்தபடி இருக்கும். தெளிந்த வானம் அனுப்பும் சூடு கொஞ்சம்; மேகம் வந்தால் போர்வை போட்டதுபோல் கூடும். எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்தால்தான் பனி கரையும் கணக்கு சரிவரும். நான் போனதிலிருந்து வானம் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. கப்பல் திரும்பும் நாள் நெருங்கியபோது காய்ச்சலில் படுத்துவிட்டேன். நான் காத்திருந்த மேகம் அன்று பார்த்து வந்தது. செல்வதாஸ் ஓடிப்போய்க் கருவியைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிட்டு, என்னைத் தட்டி எழுப்பினார்.

"மக்கா, மழக்காறு வந்துட்டு. ஒனக்க மெஷின நனையாத மூடிட்டேன். நீ பேசாத கெட."

மூடினால் குமிழுக்கு வானமே தெரியாதே! எழுந்து ஓடித் தார்ப்பாயைப் பிடுங்கினால், குமிழ் முழுக்க உறைபனி! அதைப் போக்கும் விசிறி எப்போதோ நின்றிருக்கிறது. அவர் வந்து எழுப்பாவிட்டால் நான் தூங்கியிருப்பேன். அன்றைய அளவெல்லாம் குப்பைக்குத்தான் போயிருக்கும். துடைத்து வைத்தேன். மேகம் மாலைவரை நின்றது; அளவும் கிடைத்தது.

"அன்னைக்கே நன்றி சொன்னேன். சும்மா சமாதானம் சொல்றேன்னு நெனச்சுட்டாரு" என்றேன். எங்கள் ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பகுதியைப் போனில் காட்டினேன். முதல் பெயர் செல்வதாஸ். ஜெபமலர் எழுத்து எழுத்தாக இரண்டு முறை படித்தார்.

"இத அவியளுக்கு அனுப்பலாமா சார்?"

அங்கேயே அனுப்பினார். மழைச் சத்தத்தையும் சேர்த்து ஏதோ பேசி அனுப்பினார். மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்குமாகச் சாப்பிட்டு முடிக்கையில் பதில் குரல் வந்தது. முதலில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, "ஏட்டி, அங்க மழயா? கொப்பரைய மூடினியா?"

ஜெபமலர் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளாக வீட்டில் ஒன்றையும் விசாரிக்காத மனிதர் கேட்ட கேள்வி அது.

"அப்போ மேகம் வந்தா அவியளுக்குக் குளிரு கொறயுமா சார்?"

"கொஞ்சம் கொறயும்."

ஜெபம் பண்ணாமல் யாரையும் அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நான் புறப்பட்டதும் எழுந்து நின்று கண்ணை மூடினார். என் வழிப்பயணத்துக்காக, என் வீட்டாருக்காக வேண்டினார். கடைசியாக, "கர்த்தாவே, அவிய இருக்கப்பட்ட எடத்துக்கு மேல மேகத்தக் கட்டளையிடும்" என்றார்.

எங்கள் வீட்டில் அய்யாவழி வழிபாடு. எனக்கு ஆமென் பழக்கமில்லை. போதாக்குறைக்கு, மேகம் கூடினால் பனி கரையும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறவன் நான்.

வாய் நிறைய ஆமென் சொன்னேன்.